பக்கத்து வீட்டில் கேட்ட என் குரல்

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் கேள்வி கேட்டால், பதில் தெரிந்திருந்தும் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். ஐந்தாவதோடு படிப்பு நின்றுவிட்டது. கூச்சம் நிற்கவில்லை. கல்யாணமாகிக் கந்தர்வக்கோட்டைப் பக்கம் முந்திரிக்காட்டு ஊருக்கு வந்தேன். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் என் மாமியார் கேட்பதையே விட்டுவிட்டார். இன்றைக்கும் பஸ்ஸில் இறங்குகிற இடம் வந்தால் கண்டக்டரிடம் சத்தம் போட்டுச் சொல்ல முடியாமல், அடுத்த நிறுத்தத்தில் இறங்கித் திரும்ப நடந்து வருகிறவள் நான்.

நான் வாய் ஓயாமல் பேசுகிற ஒரே ஆள் என் தங்கச்சி. அவள் தாய்மாமனைக் கட்டிக்கொண்டு பிறந்த ஊரிலேயே இருந்துவிட்டாள். அன்னவாசலில் இறங்கி மினிபஸ் ஏற வேண்டும். எங்கள் அப்பா, ஆத்தா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் தம்பி கிடையாது. அவள் வீட்டுக்காரரும் இப்போது இல்லை, மகன் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறான். பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது அவள் ஒருத்திதான்.

போனில் பேசினால் வீட்டில் எல்லாருக்கும் கேட்கும் என்று முன்பெல்லாம் "ம்", "சரி", "சாப்டியா" என்பதோடு நிறுத்திக்கொள்வேன். பிறகு என் மருமகள் செல்லில் குரலை அனுப்பச் சொல்லிக் கொடுத்தாள்.

"இந்த மைக்க அமுக்கிக்கிட்டே பேசுங்கத்தே. கைய எடுத்தீங்கன்னா அவங்களுக்குப் போயிரும்."

"வேற யாருக்கும் கேக்காதுல்ல?"

"அவங்க செல்லுக்கு மட்டுந்தான் போகும். அவங்க கேட்டுட்டா இந்த மைக்கு நீலமா மாறும். மாறலன்னா இன்னும் கேக்கலன்னு அர்த்தம்."

அன்றிலிருந்து எனக்கு ஒரு புது வாழ்க்கை வந்தது என்றே சொல்ல வேண்டும். மத்தியானம் சோறு ஆக்கி இறக்கிவிட்டு முந்திரிக்காட்டுக்குள் போவேன். தாழ்ந்து கிடக்கிற ஒரு கிளையில் உட்கார்ந்து, முந்தானையைத் தலையோடு போர்த்திக்கொண்டு மைக்கை அமுக்குவேன். எதிரில் முகம் கிடையாது. குறுக்கே யாரும் பேச மாட்டார்கள். கையை எடுக்கிற வரைக்கும் பேச்சு என்னுடையது. எனக்குள்ளே இவ்வளவு பேச்சு இருந்ததா என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

பேசிவிட்டு உடனே எழுந்து வர மாட்டேன். அந்தச் சின்ன மைக்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதலில் எல்லாம் அது நீலமாக வெகுநேரம் ஆகும். சில நாள் மறுநாள்தான் மாறும். தங்கச்சிக்குக் கண்ணில் புரை விழுந்திருந்தது, செல்லைத் தேடி எடுத்துத் தடவிப் பார்த்துக் கேட்பதற்கு நேரமாகும் என்று நினைத்துக்கொள்வேன். பிறகு ஒரு கட்டத்தில் அது மாறியது. நான் கையை எடுத்துச் சேலையைச் சரிசெய்வதற்குள் மைக் நீலமாகிவிடும். எனக்கு மனசு குளிர்ந்துபோகும். என் குரலுக்காகக் காத்துக் கிடக்கிறாள் பார், என் கூடப்பிறந்தவள் என்று முந்திரி மரத்திடம் சொல்லிக்கொள்வேன்.

இந்த நேரத்தில்தான் அவள் பேச்சில் ஒருத்தி நுழைந்தாள்.

தங்கச்சி வீட்டுக்கு அடுத்த வீட்டில் வாடகைக்கு ஒரு தையல்காரி வந்திருந்தாள். சிவகங்கைப் பக்கத்துக்காரி. புருசன் இல்லை, மகளைக் கட்டிக்கொடுத்துவிட்டாள். எங்களைவிட வயதில் மிகவும் இளையவள். அவள் சிரித்தால் தெருமுனை வரைக்கும் கேட்கும். முதலில் தங்கச்சி அவளைப் பற்றி ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை சொல்லுவாள். போகப் போக, அனுப்புகிற ஒவ்வொரு குரலிலும் அவள் இருந்தாள்.

"யக்கா, நேத்து அவ மொச்சக்கொட்டைக் கொழம்பு கொண்டாந்தா. என்னா ருசிங்குற!"

மொச்சைக்கொட்டைக் குழம்பு எங்கள் ஆத்தா வைப்பது போல நான் வைப்பேன் என்று ஊரே சொல்லும். தங்கச்சிக்கு அது மறந்துபோயிற்று.

"யக்கா, அவளும் நானும் சித்தன்னவாசல் போயிட்டு வந்தோம்க்கா. பஸ்ல அவதான் கையப் புடிச்சு ஏத்துனா."

அந்த மலைக்குப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவர்கள் நாங்கள். வெளியூரிலிருந்து காரில் ஆள் ஆளாக வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு தடவை உள்ளே போய்ப் பார்த்ததில்லை. ஒரு நாள் போவோம் ஒரு நாள் போவோம் என்று கிழவியாகிவிட்டோம். இப்போது இவள் வேறொருத்தியோடு போய்விட்டு வந்திருக்கிறாள். அதுவும் கண் தெரியாதவள், ஓவியம் பார்க்க!

"ஒனக்கு என்ன தெரிஞ்சுச்சு அங்க?" என்று கேட்டு அனுப்பினேன்.

"ஒன்னும் தெரியலக்கா. மங்கலா தாமரைக் கொளம் மாதிரி இருந்துச்சு. அவதான் ஒவ்வொன்னா சொன்னா. ஆனா காத்து நல்லா இருந்துச்சுக்கா."

அந்தக் காற்று என் வயிற்றில் போய் எரிந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு குரலில், பின்னால் அவள் வந்து நிற்பது தெரிந்தது. தங்கச்சி பேச்சை நிறுத்திவிட்டு, "ஏத்தா, உள்ள வாத்தா, ஒக்காரு" என்றாள். 'ஏத்தா' என்று நான்தான் தங்கச்சியைக் கூப்பிடுவேன். பால் குடித்த வயதிலிருந்து அப்படித்தான். அதை எடுத்து அவளுக்குக் கொடுத்துவிட்டாள்.

நான் சும்மா இருக்கவில்லை. முந்திரிக்காட்டில் எனக்குக் கூச்சம் ஏது! மைக்கை அமுக்கிக்கொண்டு அவளைப் பிடிபிடி என்று பிடிப்பேன். "அந்தச் சிரிப்பாணிக்காரி ஒன்னைய வளைச்சுப் போட்டுட்டா ஏத்தா. ஒட்டுப்புல்லு மாதிரி ஒட்டிக்கிட்டா, பாத்துக்க." "அவ தச்ச ரவிக்கையும் அவளும்! தோளு எறங்கித் தொங்குது. இதுக்குக் கையாலயே தச்சுப் போட்டுக்கலாம்." பொங்கலுக்குப் போயிருந்தபோது எனக்கும் ஒரு ரவிக்கை தைத்துக் கொடுத்திருந்தாள், அதைத்தான் சொன்னேன். தங்கச்சி பதிலுக்குச் சிரித்து அனுப்புவாள். "நீ ஒருத்தி! அவ நல்லவக்கா. நீ பழகிப் பாரு."

அதற்கடுத்து நான் அங்கே போனபோது அந்தத் தையல்காரி, நான் வாயே திறக்காமல் இருக்கும்போதே, "பெரியக்கா, அந்த ரவிக்கையக் குடுங்க, தோளைக் கொஞ்சம் புடிச்சுத் தாரேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்றது. நான் சொன்னதைத் தங்கச்சி போய்ச் சொல்லியிருக்கிறாள் என்று நினைத்தேன். ரவிக்கை விஷயம்தானே என்று விட்டேன். தோள் சரியாக உட்கார்ந்தது, அது வேறு எரிச்சல்.

அதன் பிறகு நடந்ததை எழுதக் கை கூசுகிறது. ஆனால் ஊரில் பாதிப் பேருக்குத் தெரிந்த பிறகு காகிதத்தில் மறைத்து என்ன ஆகப்போகிறது.

எனக்குக் கர்ப்பப்பை கீழே இறங்கத் தொடங்கியிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்தாலும், குடம் தூக்கினாலும் இறங்கிக் கையில் தட்டுப்படும். மருமகளிடம் சொல்ல வெட்கம். மகனிடம் எப்படிச் சொல்வது? ஆஸ்பத்திரிக்குப் போனால் படுக்கச் சொல்லிப் பார்ப்பார்களே என்ற நினைப்பிலேயே காய்ச்சல் வந்துவிடும் போல இருந்தது. தங்கச்சியிடம் மட்டும் சொன்னேன். அதற்கே முந்திரிக்காட்டில் இன்னும் உள்ளே தள்ளிப் போனேன்.

"ஏத்தா, ஒன்கிட்டதான் சொல்றேன். கோழிமுட்ட கணக்கா கீழ எறங்குதுத்தா. யாருகிட்டயும் மூச்சு விட்டுறாத. நான் செத்தாலும் வெளிய தெரியக்கூடாது."

கையை எடுத்தேன். மைக் உடனே நீலமானது. அவ்வளவு சீக்கிரம் கேட்டுவிட்டாளே என்று எனக்குக் கண் கலங்கியது. தங்கச்சியின் பதில் சாயங்காலம்தான் வந்தது, அழுதுகொண்டே பேசியிருந்தாள். கேட்டது மத்தியானம், பதில் சாயங்காலமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போகாததற்கு வெட்கம் மட்டும் காரணம் இல்லை. எங்கள் பிறந்த ஊரில் அம்மன் கோயிலுக்கு முளைப்பாரி எடுப்பார்கள். மண்சட்டியில் வைக்கோலும் சாணிப்பொடியும் போட்டு, பயறு வகைகளை விதைத்து, வெயில் படாத இருட்டு அறையில் வைத்துத் தண்ணீர் தெளித்து வளர்க்க வேண்டும். பயிர் வெளிர் மஞ்சளாக, நெடுநெடுவென்று வளரும். கடைசி நாள் பெண்கள் அதைத் தலையில் வைத்து ஊரைச் சுற்றிப் போய்க் குளத்தில் கரைப்பார்கள். எங்கள் வீட்டுப் பாரியை அந்த வீட்டில் பிறந்த பெண்தான் சுமக்க வேண்டும். மூத்த மகள் என்று நான்தான் சுமக்கிறேன். தங்கச்சி வளர்ப்பாள், நான் போய்ச் சுமப்பேன். வருசத்தில் அந்த ஒரு நாள்தான் நான் ஊர் முன்னால் கூசாமல் நடப்பேன். பயிர் நாலு பக்கமும் தழைந்து முகத்தை மறைத்துவிடும். நான் எல்லாரையும் பார்க்கலாம், என்னை யாரும் பார்க்க முடியாது. டாக்டர் கனம் தூக்காதே என்று சொல்லிவிட்டால் அதுவும் போய்விடுமே.

அந்த வருசமும் போனேன். கோயில் வாசலில் பாரிகளை வரிசையாக இறக்கி வைத்திருந்தார்கள். மேளம் காதைப் பிளந்தது. சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு குனிந்தேன். பின்னாலிருந்து ஒரு கை என் தோளைப் பிடித்தது. தையல்காரி.

"பெரியக்கா, வேணாம்! தூக்காதீங்க!"

மேளச் சத்தத்தில் எனக்குக் கேட்காதது போல நான் மறுபடி குனிந்தேன். அவள் என் காதுக்குப் பக்கத்தில் வந்து கத்தினாள்.

"கோழிமுட்ட கணக்கா எறங்கியிருக்கப்ப தலையில சொம சொமக்கலாமா? முழுசா வெளிய வந்துரும்க்கா!"

பக்கத்தில் பாரிக்காக நின்றிருந்த பெண்கள் திரும்பினார்கள். ஒருத்தி வாயில் கையை வைத்தாள். இன்னொருத்தி, "அடியாத்தி, ஒனக்கா?" என்றாள். நான் தலையில் வைத்த சும்மாட்டோடு அப்படியே நின்றேன். முகத்தை மறைக்கப் பயிர் இல்லை. அதற்குள் தையல்காரி என் சும்மாட்டை எடுத்துத் தன் தலையில் வைத்து, எங்கள் வீட்டுப் பாரியைத் தூக்கிவிட்டாள். அவள் எங்கள் வீட்டில் பிறந்தவள் இல்லை, ஊரிலேயே பிறந்தவள் இல்லை. ஆனால் நடந்தாள் பாருங்கள். ஒரு கையை விட்டுவிட்டு, இடுப்பு அசையாமல், பயிர் ஒன்றுகூடச் சாயாமல். "புதுசா வந்தவ மாதிரியா இருக்கு? என்னா நட!" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள்.

நான் குளம் வரைக்கும் வெறுங்கையோடு போனேன். தங்கச்சி என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் உதறவில்லை.

மறுநாள் காலை தங்கச்சி முறத்தில் அரிசியைப் போட்டுக் கல்லைத் தடவித் தடவிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அவளிடம் கேட்க வேண்டும். ஏன் சொன்னாய், யாரிடமும் சொல்லாதே என்றேனே, அவளிடம் போய் ஏன் சொன்னாய். முகத்தைப் பார்த்துக் கேட்க எனக்கு வரவில்லை. கூடப்பிறந்தவளிடமும் இப்படிப்பட்ட பேச்சு என்றால் எனக்கு அதே கூச்சம்தான். அதனால் எனக்குத் தெரிந்த வழியில் கேட்டேன். கொல்லைப்பக்கம் போனேன். துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து முந்தானையைப் போர்த்திக்கொண்டு மைக்கை அமுக்கினேன். வீட்டுக்குள் இருக்கிறவளுக்குக் கொல்லையிலிருந்து குரல் அனுப்பினேன்.

"ஏத்தா. ஒன்னைய மட்டுந்தானே நம்புனேன். அவ என்ன ஒனக்கு அம்புட்டு ஒசத்தியாப் போயிட்டாளா? என் மானத்த அவகிட்டக் குடுத்துட்டியே. இனிமே நான் இங்கிட்டு வரமாட்டேன். ஒனக்கு அவளே அக்காவா இருந்துட்டுப் போகட்டும்."

கையை எடுத்தேன். பக்கத்து வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அது நின்றது. என் செல்லில் மைக் நீலமானது.

உடனே, மதிலுக்கு அந்தப் பக்கத்து ஜன்னலிலிருந்து ஒரு கிழவியின் குரல் கேட்டது. கீச்சென்று, மெலிசாக, அழுகையை அடக்கிக்கொண்டு. "ஏத்தா. ஒன்னைய மட்டுந்தானே நம்புனேன்..."

யாரோ என்னைப் போலவே பேசுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். என் குரலை நான் அதற்கு முன் வெளியிலிருந்து கேட்டதில்லை. 'என் மானத்த' என்று வந்தபோதுதான் புரிந்தது. கடைசி வார்த்தை வரைக்கும் உட்கார்ந்து கேட்டேன். 'ஒனக்கு அவளே அக்காவா இருந்துட்டுப் போகட்டும்' என்பது அவளுடைய வீட்டிலிருந்து வந்து என் காதில் விழுந்தது.

ஜன்னல் பக்கம் அவள் முகம் தெரிந்தது. என்னைக் கல்லில் பார்த்ததும் அவளுக்கு முகம் செத்துப்போயிற்று. சிரிப்பாணிக்காரி சிரிக்காமல் இருந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"பெரியக்கா... ஒங்க தங்கச்சி ஒன்னுஞ் சொல்லல. நாந்தான் ஒங்க பேச்சக் கேட்டேன்."

தங்கச்சி சத்தம் கேட்டுச் சுவரைத் தடவிக்கொண்டு வெளியே வந்தாள். "என்னது? யாரு என்ன சொல்லல?"

"ஒன் செல்லு எங்க?" என்றேன்.

"பீரோவுல. நீ அந்த விசயம் சொன்னதுல இருந்து பூட்டித்தான வச்சிருக்கேன். சாவி இந்தா, இடுப்புல."

சாவி இருந்தது. பூட்டு இருந்தது. செல் உள்ளே இருந்தது. என் பேச்சு மட்டும் வெளியே போயிருந்தது.

தையல்காரி சிலேட்டு அகலத்துக்குப் பெரிய செல் மாதிரி இருந்த டேப்பை எடுத்துக்கொண்டு மதில் சந்து வழியாக வந்தாள். ரவிக்கை டிசைன் பார்ப்பதற்கு மகள் வாங்கிக் கொடுத்தது. அதைத் தங்கச்சி மடியில் வைத்துவிட்டு, தரையில் உட்கார்ந்து சொன்னாள். சிங்கப்பூர் மகன் அனுப்புகிற படங்கள் தங்கச்சிக்குச் சின்னச் செல்லில் தெரியவில்லை. பெரிதாகப் பார்க்கட்டும் என்று இவள் ஒரு நாள் தங்கச்சியின் செல்லை வாங்கி, டேப்பில் தெரிந்த கறுப்பும் வெள்ளையுமான ஒரு கட்டத்துக்கு நேரே காட்டினாள். அத்தோடு தங்கச்சி செல்லுக்கு வருவது அத்தனையும் டேப்புக்கும் வரத் தொடங்கிவிட்டது.

"ஆமாக்கா, காட்டுனா. புள்ளிக்கோலம் மாதிரி ஒன்னு" என்றாள் தங்கச்சி. "படம் மட்டுந்தான் அங்கிட்டுப் போகும்னு நெனச்சேன். ஏத்தா, அக்கா பேசுறதுமா போச்சு?"

"அதுவும் வந்துச்சுக்கா."

"அப்ப நான் பூட்டுனது?"

"செல்லத்தான் பூட்டுனீங்க."

தங்கச்சிக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. சாவியை எடுத்து ஒரு தடவை பார்த்தாள். மறுபடி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முதல் தடவை அவசரமாக இருக்குமோ என்றுதான் தொட்டாளாம் தையல்காரி. பிறகு மெஷினுக்குப் பக்கத்தில் டேப் 'டிங்' என்றதும் கை தன்னால் போய்விட்டதாம். "தப்புத்தான் பெரியக்கா. நாள் பூராம் ஒத்தையில தைக்கிறேன். நீங்க பேசுறது நல்லா இருந்துச்சு. என்னைய வஞ்சது உட்பட."

"உட்பட" என்று அவள் சொன்னதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. சிரிப்பாணிக்காரி, ஒட்டுப்புல், தொங்குகிற தோள். எல்லாவற்றையும் என் வாயாலேயே கேட்டிருக்கிறாள். கேட்டுக்கொண்டே எனக்குக் காப்பி போட்டுக் கொடுத்திருக்கிறாள். ரவிக்கையைச் சரிசெய்திருக்கிறாள்.

ஆனால் என்னைச் சுட்டது அது அல்ல. அந்த நீலம். முந்திரிக்காட்டில் உட்கார்ந்து நான் பார்த்துப் பார்த்துப் பூரித்தேனே, அந்த நீலம் என் தங்கச்சியின் விரல் இல்லை. எனக்காகக் காத்துக் கிடந்தது இவள். தங்கச்சி எப்போதும் போலச் சாயங்காலம்தான் கேட்டிருக்கிறாள். மானம் போனதைக்கூடத் தாங்கிக்கொண்டேன், இதைத் தாங்க முடியவில்லை.

"எடுத்துரு" என்றேன். பிறத்தியாரிடம் நான் சத்தமாகச் சொன்ன வார்த்தை என் ஆயுசில் அதுதான் முதலாக இருக்கும்.

பீரோவைத் திறந்து செல்லை எடுத்தார்கள். வேறு எங்கெங்கே திறந்து கிடக்கிறது என்று செல்லிலேயே ஓர் இடத்தில் எழுதியிருக்கிறது. தையல்காரி காட்டினாள், நானே எழுத்துக் கூட்டிப் படித்தேன். அதை அமுக்கியதும் டேப்பில் இருந்ததெல்லாம் போய், மறுபடி அந்தப் புள்ளிக்கோலம் வந்து நின்றது. என் செல்லையும் அதே போலப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. என் பக்கத்துக் கதவை நான் எவ்வளவு சாத்தினாலும், பேச்சு போய் இறங்குகிற வீட்டில் கொல்லைக்கதவு திறந்து கிடந்ததே.

"படமும் போயிருச்சா?" என்று தங்கச்சி டேப்பைத் தடவினாள். "அவன் வீட்டுப் பால்கனி தெரியுமே, அதுவும்?"

"போயிருச்சுக்கா."

தங்கச்சி சுவரைத் தடவிக்கொண்டு உள்ளே போய் மறுபடி முறத்தை எடுத்தாள். எனக்குக் கொஞ்சம் பாவமாக இருந்தது. கொஞ்சம்தான். இனிமேல் சாயங்காலத்தில் இரண்டு பேரும் தலையோடு தலை வைத்து அந்த டேப்பைப் பார்க்க மாட்டார்கள் என்ற நினைப்பு வெல்லக்கட்டி மாதிரி இனித்தது.

தையல்காரி அதோடு விடவில்லை. தங்கச்சியின் கண்ணைக் காட்டி, "படம் பாக்க டேப்பு எதுக்கு, கண்ணத் தொறந்துட்டாப் போச்சு" என்று புதுக்கோட்டை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக நாள் பார்த்தாள். நான் விடுவேனா? "நானும் வாரேன்" என்றேன். அங்கே தங்கச்சியைப் புரை எடுக்கக் கண் பிரிவுக்குள் கூப்பிட்டுக்கொண்டார்கள். நாங்கள் இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் மெதுவாகச் சொன்னாள், "அந்தப் பக்கந்தான் பொம்பளைங்களுக்குப் பாக்குற எடம். லேடி டாக்டருதான். நான் கூட உள்ள வாரேன், இல்ல வெளிய நிக்கிறேன், நீங்க சொல்றதுதான்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்போது அவள் தன்னைப் பற்றி ஒன்று சொன்னாள். அவள் உடம்பைப் பற்றியது, அவள் மகளுக்குக்கூடத் தெரியாதது. "ஒங்களது எனக்குத் தெரியும். எனது ஒங்களுக்குத் தெரியட்டும். அப்பத்தான் சரி" என்றாள். அது என்ன என்று இங்கேயும் எழுத மாட்டேன். அது அவளுடையது.

எழுந்து அந்தப் பக்கம் போனேன். அவளை வெளியே நிற்கச் சொன்னேன். டாக்டர் சின்னப்பெண். ரப்பர் வளையம் ஒன்று வைத்தார். "இதுக்கா பாட்டி இத்தன நாளு கஷ்டப்பட்டீங்க? பெரிய கனம் மட்டும் தூக்காதீங்க" என்றார்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் தங்கச்சி முன் சீட்டில் கண்ணில் கட்டோடு உட்கார்ந்திருந்தாள். நானும் தையல்காரியும் பின்னால். வளையம் உறுத்துகிறதா என்று அவள் கேட்டாள், நான் சொன்னேன். தங்கச்சி தலையைத் திருப்பினாள்.

"என்ன ரெண்டு பேரும் குசுகுசுங்குறீங்க?"

"ஒன்னுமில்ல."

"பெஞ்சுலயும் பேசிக்கிட்டு இருந்தீங்களாம்ல. நர்சு சொன்னா. எங்கிட்டச் சொல்லாத பேச்சு அப்படி என்னக்கா இருக்கு ஒனக்கு?"

கட்டுக்குக் கீழே அவள் உதடு எப்படிக் கோணியது என்று எனக்குத் தெரிந்தது. சித்தன்னவாசல் காற்று நல்லா இருந்துச்சு என்று அவள் சொன்ன அன்று என் உதடும் அப்படித்தான் கோணியிருக்கும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அன்னவாசல் வரும் வரைக்கும் சந்தோசமாக இருந்தது.

இந்த வருசத் திருவிழாவுக்குத் தங்கச்சி எனக்குச் சின்னச் சட்டியில் பாரி வளர்த்தாள். ஒரு செம்புத் தண்ணீர் கனம்தான் இருக்கும். எங்கள் வீட்டுப் பாரியை நானே சுமந்தேன். பயிர் முகத்தை முழுசாக மறைக்கவில்லை, நெற்றி வரைக்கும்தான் வந்தது. பரவாயில்லை என்று நடந்தேன். தையல்காரி தனக்கென்று தனியாக ஒரு பாரி வளர்த்து எனக்குப் பின்னால் வந்தாள். தங்கச்சி தெரு ஓரத்தில் புதுக்கண்ணோடு நின்று பார்த்தாள். நாங்கள் பக்கத்தில் வந்ததும் அவள் ஊர் கேட்கச் சொன்ன முதல் வார்த்தை இதுதான்:

"யக்கா, அவ பாரி ஒன்னோடதவிட ஒசரம்ல!"

குளத்தில் கரைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். கொல்லைப்பக்கம் போய்க் கல்லில் உட்கார்ந்து மைக்கை அமுக்கினேன். "ஏத்தா, வளத்தது நீதானே? எனக்குச் சின்னச் சட்டியக் குடுத்துட்டு, அவளுக்குப் பெரிய சட்டியில நல்ல வெதையாப் பாத்துக் குடுத்திருக்க. எனக்குத் தெரியாதுன்னு நெனைக்காத."

கையை எடுத்தேன். பக்கத்து வீட்டில் மெஷின் நிற்காமல் ஓடியது. இந்தப் பக்கம் தங்கச்சி அடுப்படியில் பாத்திரத்தை உருட்டிக்கொண்டிருந்தாள். செல்லையும் கழுவித்தான் எடுப்பாளோ என்கிற அளவுக்கு நேரமானது. வெயில் கல்லை விட்டு நகர்ந்து போயிற்று. எனக்கு ஆத்திரம்கூடக் கொஞ்சம் ஆறிவிட்டது.

உள்ளே பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. பிறகுதான் மைக் நீலமானது.